இரண்டு நிமிஷ வெயில்

காலையில் எழுந்ததிலிருந்து கழுத்து திரும்ப மறுத்தது. வலது பக்கம் யாராவது கூப்பிட்டால், சந்துக்குள் லாரியைத் திருப்புவதுபோல மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நாலாவது எலும்பும் ஐந்தாவது எலும்பும் தேய்ந்து உரசுகின்றன, தலைச்சுமை தூக்கும் வேலையா பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். இல்லை, சளி பார்த்தேன் என்றாள் அவள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம், காசநோய்க் கிருமி தேடி நாளைக்கு இருபது முப்பது சளிச் சிலைடு, மைக்ராஸ்கோப்பின் குழாய்மேல் குனிந்த தலை குனிந்தபடி. அப்பா கல்லுடைத்தார். அம்மா அந்தக் கல்லைச் சுமந்தாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அவள்தான் என்று அம்மா பார்த்தவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். உட்கார்ந்தாலும் உடம்பு தேயும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சிலைடம்மா என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் பஸ்ஸில் யாராவது அப்படிக் கூப்பிட்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். போன வாரம் லேபின் புது அதிகாரி போன் செய்தாள். பழைய லேபை இடிக்கப்போகிறார்களாம். உள்ளே கிடக்கும் மைக்ராஸ்கோப்புகளைப் புதுக் கட்டடத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். எது எதற்கு என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, வந்து அடையாளம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி அட்டை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

வருகிறேன், ஆனால் கண்ணாடியக்காவையும் வரச் சொல்லுங்கள் என்றாள் சிலைடம்மா. அது யார் என்று அதிகாரி கேட்டாள். சிலைடு கழுவியவள். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது, தினக்கூலி. விலாசத்தைச் சிலைடம்மாவே விசாரித்துச் சொன்னாள்.

எதற்காக அழைத்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கண்ணாடியக்காவுக்கு வேலை போனது கண்ணாடியக்காவின் தப்பால் அல்ல. யாருடைய தப்பு என்று சொல்ல முப்பத்து மூன்று வருஷமாக வாய் வரவில்லை. அறை இடிந்து போவதற்குள், அந்த அறையில் வைத்தே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

லேப் அப்படியேதான் இருந்தது. இரண்டு ஜன்னல், ஒரு கல் மேடை, சாயம் ஊற்றி ஊற்றிச் சிவந்துபோன தொட்டி. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தச் சிவப்பு சுவரிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். பீனால் வாடையும் ஸ்பிரிட் வாடையும் இன்னும் போகவில்லை. மூக்கில் ஏறியதும், இருபத்தாறு வயதில் இந்த வாசலில் நின்றபோது வந்த அதே பயம், அதே ஆசை.

மேடைமேல் நாலு மைக்ராஸ்கோப்பையும் வரிசையாக வைத்திருந்தார்கள். புது அதிகாரி அட்டைகளை நீட்டினாள். கூட்டு நுண்ணோக்கி, இருகண் நுண்ணோக்கி என்று தலைப்பு மட்டும் அச்சடித்திருந்தது. சிலைடம்மா அதைப் படித்துவிட்டு, இதெல்லாம் இவங்களோட பள்ளிக்கூடத்துப் பேர் என்றாள். அதிகாரிக்குப் புரியவில்லை. சிரித்துவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனாள்.

லேபுக்குள் அவற்றைக் கூப்பிட்ட பேர் வேறு. முதலில் நின்றது ஒத்தக்கண்ணன். பித்தளைக் குழாய், ஒரே ஒரு கண், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கரண்டே வேண்டாம். அந்தக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்து வெளிச்சத்தைப் பிடித்துச் சிலைடுக்குள் ஏற்ற வேண்டும். வெளிச்சம் நகர நகர ஆளும் நாற்காலியும் நகர வேண்டும். காலையில் கிழக்கு ஜன்னல், சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கு ஜன்னல். காற்றடித்தால் வெளியே மரத்தின் இலை நிழல் உள்ளே விழுந்து, சளிக்குள் மீன் ஓடுகிறதோ என்று தோன்றும். ஒரு கண்ணால் பார்க்கும்போது மறு கண்ணை மூடக்கூடாது, திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடினால் மதியத்துக்குள் தலை பிளந்துவிடும். அது கைவர அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. அப்புறம் வீட்டிலும் ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண் ஒரு திசையில் நிற்க, புருஷன் பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறான்.

அடுத்தது ரெட்டையன். இரண்டு கண், உள்ளே பல்பு. கழுத்துக்கு அவன் தேவலை. பல்பு போனால் மட்டும் உப்புக்கும் ஆகமாட்டான், புது பல்பு வர மூன்று வாரம் ஆகும். மூன்றாவது பூச்சிப்பெட்டி. பெரிதாகக் காட்டத் தெரியாது, ஆனால் உருவத்தைத் திரட்சியாகக் காட்டும். கொசு, பேன், வயிற்றுப் புழு எல்லாம் அதன் அடியில்தான். ஒருமுறை சம்பளநாள் மதியம், எல்லாரும் வரிசையாக வந்து அதில் தங்கள் விரல் நகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் கையால் சாப்பிடவில்லை. நாலாவது இருட்டுக்காரி. கடைசிக் காலத்தில் வந்தவள். அறையை இருட்டாக்கி, வேறு சாயம் போட்டு, நீல ஒளியில் பார்த்தால் கறுப்புக்குள் கிருமி மட்டும் மஞ்சளாக மின்னும். கால் மணி நேர வேலையை ஐந்து நிமிஷத்தில் முடிப்பாள். சுவரில் ஒரு படம் தொங்கியது, பயிற்சிக்குப் போனபோது பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்தது. ஒரே ஒரு கிருமி, சாம்பல் நிறத்தில், தோல் சுருக்கம் தெரியும் அளவுக்கு. அதை எடுத்த மைக்ராஸ்கோப்பு ஆள் உயரத்துக்கு மேல், வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரானைப் பாய்ச்சிப் பார்ப்பது. கிட்டே போய்த் தொட விடவில்லை. வருஷக்கணக்காகச் செக்கச்செவேல் என்று பார்த்துப் பழகிய குச்சி, அங்கே சாம்பலாகக் கிடந்ததைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"என்ன டெக்னீசியனம்மா, கழுத்துல பலகை கட்டிக்கிட்டு வந்திருக்கே?"

கண்ணாடியக்கா வாசலில் நின்றாள். எழுபதைத் தொட்டிருப்பாள். உடம்பு வற்றியிருந்தது, வாய் வற்றவில்லை. சிலைடம்மா மொத்தமாகத் திரும்பினாள்.

"பலகை இல்லக்கா, எலும்பு. நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன. மருமக திட்டுறா, நான் கேக்குறேன். பொழுது போகுது."

உள்ளே வந்தவள் முதலில் தொட்டியிடம்தான் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. அப்புறம் ஒத்தக்கண்ணனிடம் வந்து, இவன் இன்னும் சாகலையா என்று தலையைத் தடவினாள். சிலைடம்மா அவளை உட்காரவைத்து, இருட்டுக்காரியைக் காட்டி, இவள் நீ போன பிறகு வந்தவள் என்றாள். அக்கா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருட்டுல பார்க்கிறதுக்கு ஒரு மிஷினா, என் புருஷனுக்கு மிஷின் இல்லாமலே எல்லாம் தெரியும் என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்தபோது கழுத்து சுள்ளென்றது.

பழையதெல்லாம் வந்தது. புதுச் சிலைடு கேட்டால் வராத காலம். பார்த்து, மறுசோதனையும் முடிந்த சிலைடைக் கொதிக்கவைத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆசிட்டில் முக்கி, தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடி அடுக்குவாள் அக்கா. ஆசிட்டில் அவள் விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ரேகை அழிந்து கிடந்தது. சிலைடம்மா வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு சிலைடை வெளிச்சத்தில் பிடித்து, இதுல ஒரு கீறல் இருக்கு, இதைத் தூக்கிப் போட்டுரு, கீறல்ல சாயம் தங்கி உன்னை ஏமாத்தும் என்று அவள்தான் சொன்னாள். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவள். அவளுடைய புருஷனும் சிலைடம்மாவின் அப்பா கல்லுடைத்த குவாரியிலேயே லாரிக்கு லோடு ஏற்றியவன். அதனால் இருவருக்கும் இடையில் நாற்காலி ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மழை நாளில், வெளிச்சம் வராமல் சிலைடம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், அக்கா ஜன்னலில் நின்று மேகத்தைப் பார்த்துச் சொல்வாள். இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஒரு ஓட்டை வருது, தயாரா இரு என்பாள். சொன்னபடி வரும்.

கேண்டீனிலிருந்து டீ வந்தது. குடித்துவிட்டு அக்கா இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். கழுவினாள். மறுபடி கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் கழுவினாள். வைத்துவிட்டுத் திரும்பியவளின் முகத்தில் கூச்சம்.

"பழக்கமாயிடுச்சு. ஹோட்டல்ல பாத்திரம் தேய்ச்சப்போ முதலாளி கத்துவான், தண்ணி உன் அப்பன் வீட்டுதான்னு. கழுவினதையே கழுவுறவன்னு பேரே வெச்சுட்டாங்க. என்ன பண்றது, ஒரு தடவை சரியாக் கழுவாம ஒருத்தன் பொழப்பைக் கெடுத்தவ இல்லையா நான்."

அக்காவுக்கு வேலை போனது வரைக்கும்தான் சிலைடம்மா நினைத்திருந்தாள். அந்தப் பழியை அக்கா உண்மை என்றே நம்பிச் சுமந்தது அவளுக்குத் தெரியாது.

அந்த நாள் அவளுக்கு நிமிஷம் நிமிஷமாக ஞாபகம் இருந்தது. ரெட்டையனின் பல்பு போய் இரண்டாவது வாரம். வானம் மூடிக் கிடந்தது. முப்பத்தோரு சிலைடு. வெளியே பெஞ்சில், நாலு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் என்று வேலைத்தளங்களிலிருந்து வந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் சிலைடை ஒத்தக்கண்ணனில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை எண்ணெய்க்குள் இறக்கினாள். அதிகச் சக்தி லென்ஸுக்கு எண்ணெய் இல்லாமல் கண் தெரியாது. பார்த்தால் நீலத்துக்குள் சிவப்புக் குச்சிகள் கொட்டிக் கிடந்தன, எண்ண முடியாத அளவு. மூன்று பிளஸ் என்று எழுதினாள். அப்படிப்பட்ட சிலைடுக்குப் பிறகு லென்ஸைத் தாளால் ஒற்றித் துடைக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. எண்ணெயில் மிதக்கும் கிருமி லென்ஸில் ஒட்டிக்கொண்டு அடுத்த சிலைடில் போய் இறங்கும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். தாளுக்குக் கை நீட்டவும் செய்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னலிலிருந்து அக்கா, இந்தா வருது என்றாள். மேகம் விலகியது. இரண்டு நிமிஷ வெயில். அதை வீணாக்க மனசு வரவில்லை. பதினேழை எடுத்தாள், பதினெட்டை வைத்தாள், அப்படியே லென்ஸை இறக்கினாள். வெயில் போன பிறகும் மங்கலில் தொடர்ந்து, நூறு இடம் பார்த்ததில் நாலு குச்சி. நாலு என்று எழுதினாள்.

பதினெட்டு, சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கும் நெட்டையண்ணன். நாலுதானே, இன்னொரு சளி வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் மருந்தை எழுதிவிட்டார். ஆறு மாசம். நோய் என்று காதில் விழுந்ததும் கிடங்கு மேஸ்திரி அவனை வராதே என்றான். பெண்டாட்டி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மாசம் கழித்து, பழைய சிலைடுகளை மறுபடி பார்த்துச் சோதிக்கும் அதிகாரி வந்தார். பதினெட்டில் ஒன்றுகூட இல்லை. எப்படி வந்தது இந்த நாலு, துடைக்காத லென்ஸா, சரியாகக் கழுவாத சிலைடா என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுவாத சிலைடாக இருந்தால் பழைய கிருமி கண்ணாடியில் வெந்து ஒட்டியிருக்கும், இப்போதும் இருக்கும். எண்ணெயில் மிதந்து வந்தது என்பதால்தான் எண்ணெயை ஒற்றி எடுத்தபோது அதோடு போய்விட்டது. அதிகாரி அவசரத்தில் இருந்தார், அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அவளுடைய நிரந்தர உத்தரவு அந்த மாசம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. வீட்டில் அப்பா கல் தூசி அடைத்த நெஞ்சோடு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கழுவாத சிலைடு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறு வாரம் அக்கா வரவில்லை. நெட்டையண்ணனின் மருந்தை நிறுத்த வேண்டாம், தொடங்கியதை முடித்துவிடட்டும் என்றார் டாக்டர். நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"அக்கா, நீ கழுவினதுல தப்பில்ல," என்றாள் இப்போது. குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "பதினேழுக்கு அப்புறம் நான் லென்ஸைத் துடைக்கல. நீ வெயில் வருதுன்னு சொன்னே, நான் அவசரப்பட்டுட்டேன். அதிகாரி கேட்டப்போ தெரிஞ்சேதான் உன்மேல போட்டேன்."

கண்ணாடியக்கா மறுபடி உட்கார்ந்தாள். தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரேகை அழிந்த விரல்களை.

"அப்ப என் கை சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

"நான் அவன் வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்தேன், தெரியுமா? பெண்டாட்டி இல்லாத வீடு. ஆறு மாசம் அவன் துணியும் பாத்திரமும் நான்தான் கழுவிக் கொடுத்தேன். காசு வாங்கல. என் புருஷன் என்னைச் சந்தேகப்பட்டான். அதையும் வாங்கிக்கிட்டேன்."

சிலைடம்மா மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். கோபம்கூட இல்லை, வேலை இடத்தில் கொத்தன் செங்கல்லை மறுப்பதுபோல மறுத்தாள்.

"எங்கிட்டச் சொல்லிட்டே. சரி. நான் போய்ச் சொன்ன இடத்துலயும் நீ வந்து சொல்லு. அவன் இருக்கான். கிடங்குக்குப் பின்னாடி அதே வீடு. பஸ்ஸுக்குப் போற வழிதான்."

அட்டைகளை அரைகுறையாக விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒத்தக்கண்ணனின் அட்டையில், சூரிய வெளிச்சத்தில் இயங்கியது என்பது வரைக்கும்தான் எழுதியிருந்தாள்.

நெட்டையண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கூன் விழுந்தும் உயரமாகத்தான் இருந்தார். சிலைடம்மாவைக் கண்டதும் எழுந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, பேத்தியை டீ போடச் சொன்னார். குடித்து முடிக்கும் வரை அவர்தான் பேசினார். அவளுக்கு வாய் திறக்க இடமே விடவில்லை.

"நாலே நாலு கிருமியாமே. வேற ஆளா இருந்தா கவனிச்சிருக்கமாட்டாங்க, அந்தம்மா கண்ணால நீ பொழச்சேன்னு டாக்டர் சொன்னாரு. இந்த அக்கா சொல்லும், கழுவினதுல தப்பு, உனக்கு நோயே இல்லைன்னு. பாவம், ஏதோ மனசு கேக்காம சொல்லுது. நோய் இல்லைன்னா மாத்திரை சாப்பிட்டதும் இருமல் எப்படி நிக்கும்?"

எப்படி நின்றது என்று சிலைடம்மாவுக்குத் தெரியும். ஆறு மாசம் அவர் சிமெண்டுக் கிடங்குக்குள் போகவில்லை. தூசி இல்லாத இடத்தில் நெஞ்சு தானாகத் தெளிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சின்னவன் நடக்கப் பழகினதை நான் பார்க்கல," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "மருந்து முடிஞ்சும் ரெண்டு மாசம், ஆக எட்டு மாசம் அவன் அம்மாவோட அங்கேதான் இருந்தான். போனப்போ தவழ்ந்தான், வந்தப்போ ஓடுறான். என்னை யாருன்னு கேட்டான். பரவாயில்லம்மா. உசிருக்குக் கொடுத்த விலைன்னு நினைச்சுக்குவேன். விலை ஜாஸ்திதான், ஆனா உசிர் இருக்கே."

கண்ணாடியக்கா சிலைடம்மாவைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. சிலைடம்மா கழுத்தைத் திருப்ப முடியாதவளாக நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு, மகன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டாள். லாரி ஓட்டுகிறான் என்றார். நல்லது என்றாள்.

அக்கா எழுந்து மூன்று கிளாஸையும் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனாள். பேத்தி வைங்க பாட்டி என்றதற்கும் கேட்கவில்லை. திறந்த கதவு வழியாகச் சிலைடம்மாவுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

தெருவில் இறங்கியதும் அக்கா, நான் நடந்து போய்க்குறேன், நீ பஸ்ஸைப் பிடி என்றாள். முனை திரும்பும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சிலைடம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். மேற்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கழுத்து வலி தோள் வரைக்கும் இறங்கியிருந்தது. இரண்டு பஸ்ஸை விட்டாள், திரும்பிப் போகலாமா என்று. மூன்றாவதில் ஏறிவிட்டாள். உங்களுக்கு நோய் இல்லை, நான்தான் லென்ஸைத் துடைக்கவில்லை என்ற ஒரு சொல், நெட்டையண்ணனுக்கு அவள் கொடுக்க வேண்டியது, இன்னும் பாக்கி.